நீடாமங்கலம் கேட்

மறுபடியும் சாத்திவிட்டார்கள்.
துறைமுகத்திலிருந்து நேற்றிரவே புறப்பட்ட லாரி
கேட்டுக்கு இந்தப் பக்கம்.
மில் அந்தப் பக்கம்,
கூப்பிட்டால் கேட்கும்.
பின்னால் தார்ப்பாய்க்குள் அரிசி பொறுக்கும் இயந்திரம்,
பெட்டி முழுக்கச் சீன எழுத்து,
ஒரு குடைப் படம், ஒரு கீறிய கோப்பைப் படம்.

வேடியப்பன் எஞ்சினை அணைத்தார்.
'சீனாவுக்கே போனீங்களாமே, எப்படி இருந்துச்சு?'

பயிற்சி ஐந்து நாள், வேடிக்கை ஒரு நாள்.
அந்த ஒரு நாளைத்தான் கேட்கிறார்கள் எல்லாரும்.
அன்சாரி முதலாளிக்கு விலைவாசி சொன்னேன்,
அம்மாவுக்குச் சாப்பாடு.
இவருக்கு எதைச் சொல்ல?

குவாங்சோவில் எதுவும் நிற்கவில்லை, அண்ணே.
படிக்கட்டு ஓடியது. தரையும் ஓடியது.
பூமிக்கடியில் ரயில்,
ஒன்று போன சூட்டோடு அடுத்தது.
நான் விழுந்தடித்து ஓடி ஏறினேன்.
எதற்கு ஓட்டம் என்று லின் சிரித்தாள்.
மன்னார்குடி கடைசி பஸ்ஸைப் பிடித்துப் பழகிய கால்,
அவளுக்கு எப்படித் தெரியும்.

பெட்டிக்குள் நூறு பேர்.
நான் மட்டும் இந்த நிறம்.
ஐந்து நாளாகப் படித்தது அதைத்தானே:
சரிவில் அரிசி கொட்டும்,
கேமரா பார்க்கும்,
கறுத்த மணி கண்ணில் பட்டால்
ஒரு சொடுக்குக் காற்று,
மணி வெளியே.
கம்பியைப் பிடித்தபடி
அந்தக் காற்றுக்காக நின்றேன்.
எதிரே ஒரு பள்ளிக்கூடப் பயல்
என் மூக்குத்தியையே பார்த்தான்.
பிறகு கொட்டாவி விட்டான்.
அவ்வளவுதான்.

கோபுரம் ஏற டிக்கெட்
ஒரு மூட்டை நெல் விலைக்கு மேலே.
உச்சியில் கண்ணாடித் தரை.
பாதத்துக்கடியில் பாலம், பாலத்துக்கடியில் பாலம்,
சத்தமே இல்லாமல் ஆயிரம் கார்.
கும்பிடத் தோன்றவில்லை, தலைதான் சுற்றியது.
ஆனாலும் செருப்பைக் கழற்றி
ஓரமாக விட்டிருந்தேன்.
இறங்கும்போதுதான் தெரிந்தது.

சாயங்காலம் ஆறு.
முத்து ஆறு என்று பெயராம்.
கரைமுட்டத் தண்ணீர்,
ஊதாவும் பச்சையுமாய் விளக்குப் படகுகள்.
போனை நீட்டித் தமிழில் கேட்டேன்:
'இங்கே தண்ணீர் எந்தத் தேதியில் திறப்பார்கள்?'
போன் சீனத்தில் ஏதோ சொல்லிற்று.
லின் நெற்றியைச் சுருக்கினாள்.
பதில் தமிழாகி வந்தது:
'ஆறு கடை அல்ல. அதற்குத் திறக்கும் நேரம் கிடையாது.'
மேட்டூர், ஜூன் பன்னிரண்டு, முறைப்பாசனம் என்று
விளக்கிப் பார்த்தேன்.
போன் திணறித் திணறி அவளிடம் எதைச் சொன்னதோ,
தன் தண்ணீர்ப் பாட்டிலைத்
திறந்து நீட்டினாள்.
குடித்தேன்.

வேடியப்பன் ஒகேனக்கல் பக்கத்துக்காரர்.
இந்த இடத்தில் சிரிப்பார் என்று நினைத்தேன்.
'வர்றப்ப வெண்ணாத்துப் பாலத்துல பாத்தேன்,
மணல்ல ஸ்டம்பு நட்டு ஆடறானுங்க.
எங்கூர்ல பாக்கறப்ப
தண்ணி போய்க்கிட்டுதான் இருக்கு' என்றார்.
கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைத் துடைத்தார்.

வெள்ளரிப் பிஞ்சுக்காரி ஜன்னலுக்கு வந்தாள்.
'பெட்டியில என்னம்மா?'
'அரிசி பொறுக்குற மிஷின். சீனாவுலேருந்து.'
'எங்கூடையில கசக்குற பிஞ்ச எடுத்துப் போடுமா?'
'இல்லக்கா. நெறம் மட்டும்தான் பாக்கும்.'
'அதுக்கா அவ்வளவு தூரம்' என்று
பின்னால் நின்ற பஸ்ஸுக்குப் போனாள்.
வாங்கிய பிஞ்சில் ஒன்று கசந்தது.

சரக்கு ரயில் வந்தது. நெல்.
எண்ணாமல் இருக்க முடியாது எங்களுக்கு:
நாற்பத்திரண்டு பெட்டி.
எங்கே போய் எப்படிப்பட்ட அரிசியாகுமோ.

கேட்டைத் தூக்கினார்கள்.
இரண்டு பக்கமும் எல்லாரும்
ஒரே நொடியில் புறப்பட்டதில்
ஒருவரும் நகரவில்லை.
வேடியப்பன் எஞ்சினைப் போட்டார்.
அணைத்தார்.
'படகுக்கு டிக்கெட் எவ்வளவு?' என்றார்.